பி0010 வந்தால் எதை முதலில் சோதிப்பது?

செக் எஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0010 என்ற கோளாறு எண் காட்டினால், சிங்கப்பூரில் உபியோ காக்கி புக்கிட்டோ சின் மிங்கோ, எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில் வரும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, ஆயில் கன்ட்ரோல் வால்வு போயிடுச்சு, மாத்திடலாம்." சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பி0010 வால்வைக் குற்றம் சொல்லவில்லை. இன்டேக் கேம்ஷாஃப்டின் (காற்று உள்ளே வரும் வால்வுகளைத் திறக்கும் தண்டு) டைமிங்கை மாற்றும் அந்த ஆயில் வால்வின் மின்சுற்றில் கோளாறு என்று மட்டும்தான் சொல்கிறது. அந்தச் சுற்றில் வால்வுக்குள் இருக்கும் காயில் (கம்பிச்சுருள்), கனெக்டர், இரண்டு வயர், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு எல்லாமே அடக்கம்.

பி0011, பி0012 வேறு ரகம். அங்கே கேம்ஷாஃப்ட் சரியான கோணத்தில் நிற்கவில்லை என்பதுதான் புகார். அழுக்கான ஆயில், அடைத்துக்கொண்ட சல்லடை, நீண்டுபோன டைமிங் செயின் எல்லாவற்றையும் அதற்குச் சந்தேகப்படலாம். பி0010-க்கு ஆயில் மாற்றிப் பார்ப்பது வீண் செலவு.

நேரே புது வால்வு போடுவதுதான் வேகமான வழி. பல டொயோட்டா எஞ்சின்களில் அது ஒரே ஒரு 10 மி.மீ. போல்ட்டில் நிற்கிறது, கைக்கு எட்டும் இடம். ஆனால் இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. வால்வை மாற்றும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டுகிறோம். பச்சைக் களிம்பு பிடித்த கனெக்டர் ஊசிகள் அந்த உரசலிலேயே கொஞ்சம் சுத்தமாகி, விளக்கு அணைந்துவிடும். புது வால்வுதான் சரிசெய்தது என்று நம்பி வீட்டுக்குப் போவோம். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் அந்தப் பச்சை திரும்ப வரத் தாமதமாகாது.

இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு பக்கமும் வால்வு உள்ள எஞ்சின் என்றால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். பி0010 போய், எக்ஸாஸ்ட் பக்கத்தின் அதே கோளாறான பி0013 வந்தால் கோளாறு வால்வோடு நகர்ந்திருக்கிறது, பேச்சே இல்லை. பி0010 அப்படியே நின்றால் வயர் பக்கம் போகவேண்டும். செலவு கிட்டத்தட்ட இல்லாத சோதனை, எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே நிபந்தனை, இரண்டு வால்வின் பாக எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும். எல்லா எஞ்சினிலும் அப்படி இருப்பதில்லை.

மல்டிமீட்டர் சிம் லிம் டவரிலேயே கிடைக்கும். டொயோட்டாவின் பல வால்வுகளுக்கு 20 டிகிரியில் 6.9 முதல் 7.9 ஓம் வரை சரி. நம் ஊரில் எஞ்சின் ஆறினாலும் 20 டிகிரிக்கு இறங்காது, அதனால் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் பயப்படவேண்டாம். சூடாக இருக்கும்போதும் ஒருமுறை அளந்துவிடுங்கள். ஆறியிருக்கும்போது நன்றாக இருந்து, சூடானதும் அறுந்துபோகும் காயில்கள் உண்டு. பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் மட்டும் விளக்கு எரிகிறது என்பவர்கள் இதை விடவே கூடாது.

ஆனால் வயரைச் சோதிக்க ஓம் அளவை நம்பாதீர்கள். மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் கணக்கில்தான். வால்வு இழுப்பதோ 1.7 ஆம்பியர் அளவு. மேலுறை முழுதாக இருந்து, உள்ளே ஒரே ஒரு இழை மட்டும் மிஞ்சிய வயரும் மீட்டரில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும். இங்கேதான் சிக்னல் விளக்கின் 21 வாட் பல்பு ஜெயிக்கிறது: 12 வோல்ட்டில் அது இழுப்பது 1.75 ஆம்பியர், ஏறக்குறைய வால்வு இழுக்கும் அதே அளவு.

பேட்டரியைக் கழற்றி, வால்வு கனெக்டரையும் இசியு பிளக்கையும் பிரித்துவிடுங்கள். ஒரு வயரின் ஒரு முனைக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுங்கள். மறுமுனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் பல்பு. பளிச்சென்று எரிந்தால் வயர் நல்லது, மங்கினால் அதே வயரில்தான் கோளாறு. எரிந்துகொண்டிருக்கும்போதே வயர்க்கட்டை ஆட்டிப் பாருங்கள், குறிப்பாக சிலிண்டர் ஹெட் பக்கம் வளையும் இடத்தில். பல்பு மினுக்கினால் இடமே தெரிந்துவிடும். அப்புறம் அடுத்த வயர். இசியு மாட்டியிருக்கும்போது மட்டும் இந்தப் பல்பை அதன் கனெக்டர் ஊசிகளில் வைக்காதீர்கள். எரியத் தொடங்கும் நொடியில் அது பல மடங்கு கரண்ட் இழுக்கும்.

பட்டறையின் பெரிய ஸ்கேனரில், அதிலிருந்தே வால்வை இயக்கிப் பார்க்கும் ஆக்டிவ் டெஸ்ட் செய்யலாம். ஐடிலில் வால்வை ஆன் செய்தால் எஞ்சின் தடுமாறவேண்டும் அல்லது நிற்கவேண்டும். தடுமாறினால் அந்த நேரத்தில் சுற்று வேலை செய்கிறது, கோளாறு வந்துவந்து போகும் ரகம் என்று தெரியும். தடுமாறவில்லை என்றால் எங்கே அறுந்தது என்று அது சொல்லாது. போனோடு சேரும் மலிவான ப்ளூடூத் கருவி கோளாறு எண்ணைப் படிக்க மட்டும் போதும்.

என் வரிசை: இடம் மாற்றுதல், அது முடியாவிட்டால் மல்டிமீட்டரில் காயில், பிறகு பல்பில் வயர்கள். மூன்றும் சரியாக இருந்தால்தான் இசியுவைத் தொடவேண்டும். புது இசியுவை இம்மொபிலைசரோடு (திருட்டுத் தடுப்பு அமைப்பு) பொருத்தும் வேலையும் சேரும். சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) முடிய ஓரிரு ஆண்டே இருக்கும் காருக்கு அந்தச் செலவு கட்டுமா என்று யோசிக்கவேண்டும். அதனால் "இசியு போயிடுச்சு" என்று சொல்பவரிடம், இரண்டு வயரையும் பல்பு போல லோடு கொடுத்துப் பார்த்தாரா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.