முதற்காரணத்துக்கு இரண்டு வழிகள்: கசாலியும் அக்வினாசும்

உலகின் இருப்பிலிருந்து இறைவனின் இருப்பை நிறுவும் வாதங்களையெல்லாம் ஒரே பெயரில் அடக்கிவிடுவது வழக்கம். ஆனால் 1111இல் மறைந்த இஸ்லாமிய இறையியலாளர் அல் கசாலியின் வாதமும் 1274இல் மறைந்த கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாசின் வாதமும் அடித்தளத்திலேயே வேறுபடுகின்றன.

கசாலியின் வாதம் காலத்தைப் பற்றியது. தோன்றிய எதற்கும் தோற்றுவித்த ஒன்று உண்டு, உலகம் தோன்றியது, ஆகவே அதைத் தோற்றுவித்தவன் உண்டு. இதன் பாரம் முழுவதும் இரண்டாம் படியின்மேல் இறங்குகிறது. உலகம் அனாதி, அதாவது தொடக்கமற்றது, என்றவர்களை அவர் அக்கால வானியலைக் கொண்டே மடக்கினார்: சனி ஒருமுறை சுற்றும் 30 ஆண்டுகளில் சூரியன் 30 முறை சுற்றுகிறது, இரண்டும் தொடக்கமின்றிச் சுற்றிவருகின்றன என்றால் இரண்டின் சுற்றுகளும் எண்ணிலடங்காதவை ஆகிவிடும், அப்போது அந்த 30 மடங்கு எங்கே போயிற்று? கூர்மையான கேள்விதான். எனினும் 19ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் கேன்டர் வகுத்த கணக் கோட்பாட்டின்படி, முடிவிலிக் கணம் (முடிவற்ற உறுப்புகளின் தொகுதி) தன் பகுதியோடு ஒன்றுக்கொன்று பொருந்துவதில் முரண்பாடு இல்லை. கணிதத்தில் கூடுவது நடப்பில் கூடாது என்று கசாலியின் தரப்பார் சொல்லலாம். அதைத் தனியே நிறுவியாக வேண்டும். பெருவெடிப்பும் முழுத் துணையாகாது. 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டம் அடர்ந்த, மிக வெப்பமான நிலையில் இருந்தது என்பதிலிருந்து, அதற்கு முன் ஏதுமில்லை என்பது தானாகப் பெறப்படுவதில்லை.

அக்வினாஸ் இந்தச் சுழலில் இறங்கவே இல்லை. உலகுக்குத் தொடக்கம் உண்டென நம்பிய அவரே, அது விசுவாசத்தால் ஏற்கப்படுவது, தருக்கத்தால் நிறுவத்தக்கதன்று என்று எழுதினார். தந்தை மறைந்த பின்னும் மகன் மகவு பெறுவான். அத்தகைய தொடர் முடிவின்றிப் பின்னோக்கிச் செல்வதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. அவர் சுட்டுவது இந்த நொடியில் நிற்கும் சார்புத் தொடரை: கல்லைத் தள்ளும் தடிக்கு, அதைத் தள்ளும் கையிலிருந்தன்றி ஆற்றல் இல்லை, இடையில் எத்தனை தடிகளைச் சேர்த்தாலும் கையின் தேவை நீங்குவதில்லை. இயங்கும் பொருள் புறவிசை தடுக்காதவரை தானே இயங்கிக்கொண்டிருக்கும் என்ற நியூட்டனின் நிலைம விதிக்குப் பின் இந்த உதாரணம் வலுவிழந்தது உண்மை. ஆயினும் இயக்கத்துக்குப் பதிலாக இருப்பையே எடுத்துக்கொண்டால், ஒரு பொருள் தொடர்ந்து இருக்கப் புறத்தாங்கல் வேண்டுமா என்ற கேள்வி இன்றும் திறந்தே கிடக்கிறது. (“அப்படியானால் கடவுளைப் படைத்தது யார்?” என்ற கேள்வி இருவரையும் தொடாது, எல்லாவற்றுக்கும் காரணம் உண்டென்று இருவருமே சொல்லவில்லை.)

அடித்தளத்தின் உறுதியைப் பார்த்தால் அக்வினாசின் வழியே மேலானது என்பேன். இயற்பியலின் அடுத்த கண்டுபிடிப்பால் அது எளிதில் சரிந்துவிடாது. ஆனால் வணங்கப்படும் இறைவனிடம் விரைவாகச் சேர்ப்பது கசாலியின் வழி. உலகம் ஏன் அப்போது தோன்றியது, முன்னரோ பின்னரோ ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்கு, பசித்தவன் எவ்வகையிலும் வேறுபடாத இரு பேரீச்சம்பழங்களில் ஒன்றை எடுத்துக்கொள்வதைக் காட்டி, ஒத்தவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பதே சித்தத்தின், அதாவது விரும்பித் தீர்மானிக்கும் ஆற்றலின், இயல்பு என்றார் கசாலி. தோற்றுவித்தவனுக்குச் சித்தம் உண்டென்பது அங்கேயே கிடைத்துவிடுகிறது. அக்வினாசோ தம் ‘இறையியல் தொகை’யின் முதற்பாகத்தில் 2ஆம் வினாவில் முதற்காரணத்தை நிறுவி, அதையே எல்லோரும் கடவுள் என்கிறார்கள் என்று முடித்துவிட்டு, அதற்குச் சித்தம் உண்டா என்பதை 19ஆம் வினாவில்தான் எடுத்துக்கொள்கிறார்.