நாய்க்கு மயக்க மருந்து இல்லாமல் பல் சுத்தம்: காசு கொடுத்து ஏமாறாதீர்கள்

சிங்கப்பூரில் செங்காங் பக்கம் நாய்களுக்கு முடி வெட்டும் கடை ஒன்றில் ‘மயக்க மருந்து இல்லாத பல் சுத்தம்’ செய்கிறார்கள். 120 வெள்ளி. மால்டீஸ், பூடில், ஷிட்சு மாதிரி சின்ன நாய் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

எங்கள் மிட்டு எட்டு வயது மால்டீஸ். “வயசான நாய்க்கா, மயக்க மருந்து கொடுத்தா எழுந்திரிக்காமலே போயிடும்” என்று கடைக்காரப் பெண் சொன்னதும் அம்மா முகம் வாடிவிட்டது. டாக்டர் செய்வதை அப்படியே இங்கேயும் செய்வோம் என்றார்கள். அரை மணி நேரத்தில் பல் பளிச்சென்று ஆனது. வாய் நாற்றம் மட்டும் போகவில்லை. கேட்டால், “ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்று பதில்.

சில மாதத்தில் மிட்டுவின் வலது கண்ணுக்குக் கீழே புளியங்கொட்டை அளவு வீக்கம். பார்த்தால் பூச்சிக்கடி மாதிரிதான் இருந்தது. கால்நடை மருத்துவர் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கோளாறு பல்லில் என்றார். மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல்லுக்கு வேர் அந்த இடத்தில்தான் முடிகிறது. அங்கே சீழ் கட்டினால் முகம் வீங்கும். எக்ஸ்ரேயில் பார்த்தால், வெளியே வெள்ளையாக இருந்த அதே பல்லைச் சுற்றி எலும்பு கரைந்திருந்தது. பல்லைப் பிடுங்கினார்கள். செலவு ஆயிரம் வெள்ளியைத் தாண்டியது.

பெரிய நாய்க்கு இருக்கும் அதே 42 பற்கள்தான் இந்தச் சின்ன வாய்க்குள்ளும். நெருக்கத்தில் அழுக்கு தங்கி, ஈறுக்கு அடியில் நோய் வளரும். விழித்திருக்கும் நாய் அங்கே கருவியை விட விடாது. மேலே மட்டும் சுரண்டி, பாலிஷ் போடாமல் விட்டால் பல் சொரசொரப்பாகி, காரை, அதாவது பல்லில் கெட்டியாகும் அழுக்கு, இன்னும் சீக்கிரம் படியும். மயக்க மருந்தில் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மருத்துவர்கள் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்து, தொண்டையில் குழாய் வைத்து, மூச்சையும் இதயத்தையும் கவனித்துக்கொண்டே செய்கிறார்கள்.

கடையில் போய்க் கேட்டேன். “அது பழைய நோய், எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்றார்கள். பழைய நோய் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போகச் சொல்லியிருக்க வேண்டாமா? மயக்க மருந்துப் பயத்தைக் காட்டிக் காசு வாங்கியதுதான் எனக்கு ஆறவே இல்லை.

யாராவது பல் சுத்தம் செய்கிறேன் என்றால், எக்ஸ்ரே எடுப்பீர்களா, ஈறுக்கு அடியில் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். வீட்டில் தினமும் நாய்க்கான பற்பசையால் தேய்த்துவிடுங்கள். நம் பற்பசை வேண்டாம், சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் நாய்க்கு விஷம். ஒரு பக்கமாகவே மெல்லுவது, சாப்பிடும்போது தும்முவது, கண்ணுக்குக் கீழே வீக்கம், இதில் எது தெரிந்தாலும் நேரே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.