ஐந்து ஃபண்டா, இரண்டு ஃபண்டா?

வென்ச்சர் கேபிடலில், அதாவது புதிய கம்பெனிகளில் முதலீடு செய்யும் துறையில், பணத்தை ஐந்து ஃபண்டுகளில் பிரித்துப் போடுவதா, தொடர்பே இல்லாத இரண்டில் போடுவதா? ஐந்துதான் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அவை எப்போதும் கூட்டுச் சேர்ந்தே முதலீடு செய்பவை என்றால், பெயர்தான் ஐந்து. உள்ளே அதே கம்பெனிகள். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் திவாலானபோது செக்கோயா, பாரடைம், டெமாசெக், சாஃப்ட்பேங்க் என்று பெரிய முதலீட்டாளர்கள் எல்லாருமே அதில் பணம் போட்டிருந்தார்கள்.

சரி, கம்பெனிகள் வேறு வேறாக இருந்தால் போதுமா? போதாது. 2023 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி பேங்க் மூடப்பட்டதும், அங்கே பணம் வைத்திருந்த, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஸ்டார்ட்அப்கள் ஒரே வார இறுதியில் சம்பளப் பணத்துக்குத் தவித்தன.

இரண்டே ஃபண்டு என்றால் ஒன்று சறுக்கினாலும் அடி பலமாகத்தான் விழும். ஆனால் ஆபத்து கண்ணுக்குத் தெரியும். நான் இரண்டைத்தான் எடுப்பேன். அதுவும் இரண்டின் கம்பெனிப் பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, அந்தக் கம்பெனிகளுக்கு அடுத்த சுற்று முதலீட்டுப் பணம் யாரிடமிருந்து வரும் என்று கேட்ட பிறகு.