பழைய டைவ் கம்ப்யூட்டர் வாங்கப் போறவங்க கவனத்துக்கு: 48,000 ரூபாய் போச்சு

களியக்காவிளை தாண்டி, கேரளக் கடலோரத்துல டைவிங் சாமான் விக்கிற ஒரு கடை. பேர் போடல. அங்க வாங்கின பழைய டைவ் கம்ப்யூட்டருக்கு (ஆழமும் நேரமும் அளந்து, எப்படி மேல வரணும்னு சொல்ற கருவி) கொடுத்தது 48,000 ரூபாய். அது ஆழத்தைக் குறைச்சுக் காட்டுது. டெகோ டைவ், அதாவது மேல வரும்போது நடுவுல நின்னு (அதான் ஸ்டாப்) உடம்புல ஏறின நைட்ரஜனை வெளியேத்த வேண்டிய டைவ் போறவங்களுக்கு இது உயிர் விஷயம்னு அந்தக் கடைக்காரருக்கும் தெரியும். அதான் வயிறு எரியுது.

கவுண்டர்ல ஆன் பண்ணிக் காட்டினாரு. பேட்டரி ஃபுல், கீறல் இல்லாத ஸ்கிரீன், ஆழம் 0.0. பின்பக்கம் "பிரஷர் டெஸ்ட் ஓகே"ன்னு ஒரு ஸ்டிக்கர். "அண்ணா, மார்த்தாண்டத்துலேர்ந்து வர்றீங்க, நம்ம ஆளு, உங்ககிட்டப் பொய் சொல்லுவேனா?" இந்தப் பேச்சுலதான் பணம் கைமாறுச்சு. ஆனா அந்த 0.0-வை நம்பவே கூடாது. தண்ணிக்கு மேல இருக்கிற காத்தழுத்தத்தைத்தான் கம்ப்யூட்டர் பூஜ்யமா எடுத்துக்கும். அழுத்தத்தை வச்சு ஆழம் அளக்கிற சென்சார் இப்படிக் கெட்டிருந்தா, ஆழம் கூடக் கூடத்தான் பிழை வெளிய வரும்.

சந்தேகம் வந்தது டெகோ கணக்குல. லேப்டாப்ல சப்சர்ஃபேஸ்ங்கிற டைவ் சாஃப்ட்வேர்ல போட்ட திட்டத்துக்கும் இதுக்கும் அதே பியூல்மான் கணக்கு (உடம்புல நைட்ரஜன் ஏறி இறங்குறதைக் கணக்கிடுற முறை), அதே ஜிஎஃப் 40/85 (ஸ்டாப்பை எவ்வளவு பாதுகாப்பா வைக்கணும்ங்கிற செட்டிங்), சுவாசிக்கிற கேஸும் அதே. அதே ஆழம், அதே நேரம். ஆனா இது மட்டும் ஸ்டாப்பைச் சீக்கிரம் முடிச்சுது. மீட்டர் குறிச்ச கயித்துல ஈயக்கட்டி கட்டி, சரியா ஓடுற இன்னொரு கம்ப்யூட்டரையும் இதோட சேர்த்துக் கட்டி, படகுலேர்ந்து ஒவ்வொரு ஆழமா இறக்கி ஏத்தி, ரெண்டுலயும் அதிகபட்ச ஆழத்தைப் பார்த்தா: 10 மீட்டர்ல இது 9.3. 20-ல 18.6. 30-ல 27.9. அப்போ 40 மீட்டர்ல இருக்கும்போது 37-னு நினைச்சுக் கணக்குப் போடும். உடம்புல ஏறின நைட்ரஜன் அதிகம், இது சொல்ற ஸ்டாப் கம்மி. ஜிஎஃப்பை எவ்வளவு இறுக்கி வச்சாலும் தப்பா அளந்த அழுத்தம் சரியாகாது.

கேட்டா, "நல்ல தண்ணி செட்டிங்ல இருந்திருக்கும்"கிறாரு. அந்த செட்டிங்ல கடல்ல இறங்கினா ஆழம் கூடத்தான் காட்டும், அதுவும் 2, 3 சதவீதம்தான்! அடுத்து, "கயிறு சாஞ்சிருக்கும்." கூடக் கட்டின கம்ப்யூட்டர் 30.1 காட்டுச்சேன்னா பதில் இல்ல. "திங்கட்கிழமை கூப்பிடுங்க", "முதலாளி எர்ணாகுளம் போயிருக்காரு", கடைசியில வாட்ஸ்அப்ல நீல டிக் மட்டும். பில்லுல சீரியல் நம்பர் கிடையாது. அடியில பொடி எழுத்துல "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது". 48,000 ரூபாய்ங்க!

எப்படிச் சோதிக்கணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப முடியல. சீரியல் நம்பர் போட்ட பில் இல்லாம காசு கொடுக்காதீங்க. கயித்து டெஸ்ட் முடியற வரைக்கும் அட்வான்ஸ் மட்டும். டெகோ டைவ்ல ரெண்டாவது கம்ப்யூட்டரும், ஸ்லேட்ல எழுதின ஸ்டாப் அட்டவணையும் இல்லாம இறங்காதீங்க. கணக்கு ஒத்து வரலைன்னா, அதிக நேரம் சொல்றதைக் கேளுங்க. ஏமாந்திருந்தா நுகர்வோர் உதவி எண் 1915. கடை கேரளாவுல இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குமரி மாவட்டத்துக்காரங்க நாகர்கோவில்லயே வழக்குப் போடலாம்.