காக்ரன் மாற்றிப் போட்ட பிக்கப்

க்ரெட்ச் நிறுவனத்தின் 6120 எலக்ட்ரிக் கிதார் வேண்டுமென்றால் வாங்க எத்தனையோ வகை இருக்கிறது. ஆரஞ்சு நிறம், தங்க முலாம், கம்பிகளின் இழுப்பை ஆட்டிச் சுரத்தை நடுங்கவைக்கும் பிக்ஸ்பி கைப்பிடி எல்லாம் எல்லாவற்றிலும் உண்டு. நான் 1950-களின் ராக் அண்ட் ரோல் இசைக்காரர் எடி காக்ரன் பெயரில் வந்த சிக்னேச்சர் மாடலையே தேடிப் பிடித்ததற்குக் காரணம் நெக் (கழுத்து) பக்கம் உட்கார்ந்திருக்கும் பி-90 பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம். அது மட்டும்தான். அந்தச் சத்தம் உங்களுக்கு வேண்டாமென்றால் இந்தக் கிதாரும் வேண்டாம்.

இது எதைப் பார்த்துச் செய்ததோ அந்த அசல், காக்ரன் வைத்திருந்த 1955-ஆம் வருஷத்துக் கிதார். நியூயார்க் புரூக்ளினில் க்ரெட்ச் தொழிற்சாலை இருந்த காலம். மாடல், கன்ட்ரி இசைக்காரர் செட் அட்கின்ஸ் பெயரில் வந்தது. முகப்பில் மாட்டுக்குப் போடும் சூட்டுக்குறி போலப் பெரிதாக ஒரு 'ஜி', ஃபிங்கர்போர்டில் கள்ளிச் செடியும் மாட்டுத் தலையும் செதுக்கிய பட்டைகள். இந்த கௌபாய் அலங்காரம் அட்கின்ஸுக்கே பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்காது, ஆனால் அசலில் இருப்பதால் இதிலும் இருக்கிறது, மேடை வெளிச்சத்தில் யார் பார்க்கப்போகிறார்கள்.

அதை வாங்கியபோது காக்ரன் கலிஃபோர்னியாவின் பெல் கார்டன்ஸில் இருந்த பதின்வயதுப் பையன். நெக் பக்கம், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் என இரண்டு இடத்திலும் டிஆர்மண்ட் நிறுவனத்தின் டைனசோனிக் பிக்கப் இருந்தது. அவர் பிரிட்ஜ் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, நெக் பக்கத்தில் கிப்சனின் பி-90-ஐப் பொருத்திக்கொண்டார். விலை கூடிய புதுக் கிதாரில் கை வைக்க அந்த வயதில் துணிச்சல் வேண்டும்.

ஏன் மாற்றினார் என்பது வாசித்துப் பார்த்தால் புரிகிறது. டைனசோனிக்கில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே தனித்தனிக் காந்தம். தெளிவும் வெட்டும் அபாரம், பிரிட்ஜ் பக்கம் வைத்து ஒற்றைக் கம்பியில் ஓடினால் ஒவ்வொரு சுரமும் தனியாகத் தெறிக்கிறது. அதே காந்தம் நெக் பக்கம் கம்பிக்கு நெருக்கமாக இருந்தால் தடித்த கம்பிகளை இழுத்துக் குழப்பும். பி-90-இல் காந்தங்கள் சுருளுக்கு அடியில் படுத்திருக்கும், அதனால் கம்பி தன்பாட்டுக்கு அதிரும். சத்தம் நடுவில் திரண்டு, ஓரத்தில் கொஞ்சம் கரகரப்போடு வரும்.

நான் வாசிப்பது மூன்று பேர் உள்ள சின்ன ராக்கபில்லி (கன்ட்ரி கலந்த ஆரம்பகால ராக் அண்ட் ரோல்) குழுவில். ரிதமும் லீடும் நானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நெக் பிக்கப்பின் வால்யூமை ஏழில் வைத்து, ஆறாவது கம்பியில் உள்ளங்கையை லேசாக அழுத்தி அடித்தால் டபுள் பேஸோடு ஒட்டிக்கொள்கிறது. பத்துக்கு ஏற்றினால் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) கனைக்க ஆரம்பிக்கும். பாட்டு நடுவில் எந்தப் பெடலையும் மிதிக்காமல் இந்த இரண்டுக்கும் இடையே போய்வர முடிகிறது. எங்கள் டிரம்மர் ஒருநாள், "அண்ணே, ரெண்டு கிதார் கொண்டுவந்தீங்களா?" என்று கேட்டான். அவன் லேசில் எதையும் பாராட்டுகிறவன் இல்லை.

காக்ரனிடமிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக் கம்பி செட்டுகளில் மூன்றாவது கம்பி மேல்சுற்று போட்டுத் தடிமனாக இருக்கும், வளைக்க விரல் ஒத்துழைக்காது. அவர் அந்த இடத்தில் சுற்றில்லாத கம்பியைக் கட்டினார். 1960-இல் பாடகர் ஜீன் வின்சென்டோடு பிரிட்டனில் சுற்றுப்பயணம் போனபோது, கூட வாசித்த பிரிட்டிஷ் கிதார்காரர் பிக் ஜிம் சல்லிவன் போன்றவர்கள் இதை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்கள். இப்போது எந்தக் கடையிலும் சுற்றில்லாத மூன்றாவது கம்பிதான் சாதாரணம். ஹாலோ பாடி (உள்ளீடற்ற உடம்பு) என்றதும் தடித்த கம்பிகளுள்ள ஜாஸ் செட் வாங்கி மாட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பி-90-இன் பாதி அழகு கம்பியை வளைக்கும்போதுதான் தெரியும்.

அந்தப் பயணம் முடியும்போதுதான் விபத்து. பிரிஸ்டலில் நிகழ்ச்சியை முடித்துவிட்டு லண்டன் விமான நிலையத்துக்குப் போன டாக்ஸி, ஏப்ரல் 16 இரவு சிப்பனம் ஊரில் கம்பத்தில் மோதியது. மறுநாள் பாத் நகர மருத்துவமனையில் காக்ரன் இறந்தார், வயது 21. கிதார் பெரிய சேதமில்லாமல் தப்பி, போலீஸ் பாதுகாப்பில் இருந்தது. அங்கே கேடட்டாக இருந்த டேவிட் ஹார்மன் அதை எடுத்து வாசித்துப் பழகினாராம். பின்னாளில் டேவ் டீ என்ற பெயரில் பாடகரானவர் அவர்தான். கிதார் பிறகு குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது.

சரி, தொல்லைகளுக்கு வருவோம். முதல் தொல்லை பிக்ஸ்பியில் கம்பி மாற்றுவது. கம்பியின் உருண்டை நுனியை உருளையிலுள்ள சின்ன ஆணியில் மாட்டி, இழுப்பு விடாமல் பிடித்துக்கொண்டே மறுமுனையைச் சுருதிச் சாவியில் சுற்ற வேண்டும். கை கொஞ்சம் தளர்ந்தால் உருண்டை நழுவி விழும். மாட்டுவதற்கு முன் நுனியைப் பென்சிலில் வளைத்து ஒரு கொக்கி ஆக்கிக்கொண்டால் நிற்கும். இரண்டாவது, பிரிட்ஜ் கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் இடம் மாறி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் சுருதி தப்பும். இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

மூன்றாவது, ஹம். இரண்டுமே ஒற்றைச் சுருள் பிக்கப், மோசமான வயரிங் உள்ள மேடையில் ரீங்காரம் கேட்கத்தான் செய்யும். ஹம் அடக்கும் ஃபில்டர்ட்ரான் பிக்கப்புக்கு க்ரெட்ச் மாறியது 1950-களின் கடைசியில். உங்களுக்கு அமைதி முக்கியமென்றால் அந்த வகை 6120-ஐப் பாருங்கள். ஊளைச் சத்தம் வேறு விஷயம்: உடம்பு முழுக்க உள்ளீடற்றது, ஆம்ப் முன்னால் நேராக நின்றால் கிதாரே கத்தும். நான் எஃப் வடிவத் துளைகளில் கறுப்பு ஸ்பாஞ்ச் துண்டுகளைச் செருகிவிட்டு, ஆம்புக்குப் பக்கவாட்டில் நிற்கிறேன். பெரிய ஒலிபெருக்கிகளோடு ஹெவி மெட்டல் வாசிக்கிறவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

அசல் 1950-களின் 6120 கிடைத்தால் அதையே வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அந்தக் கால செல்லுலாய்டு பைண்டிங் (விளிம்புப் பட்டை) தானாக நொறுங்கும், அதிலிருந்து வரும் ஆவி பக்கத்திலிருக்கும் உலோகத்தையும் அரிக்கும். நெக்கைக் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டியது அந்தக் கிதார்களில் சகஜம். கண்ணாடிப் பெட்டியில் வைக்க அது நல்லது. வாராவாரம் மேடை ஏற எனக்கு இதுவே சௌகரியம்.

வாங்கிய கையோடு ஒரு வேலை: டைனசோனிக்கில் காந்தங்களின் உயரத்தை மாற்றும் சின்னத் திருகுகள் இருக்கும். ஐந்தாவது, ஆறாவது காந்தங்களைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, இரண்டு பிக்கப்பின் சத்தமும் சமமாகும் வரை பி-90-இன் திருகுகளை அரைச் சுற்று அரைச் சுற்றாக ஏற்றிப் பாருங்கள். அதற்கு முன்னால் கடையில் நின்றுகொண்டே சத்தத்தைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள்.