ஃபலோடி வழியாக ஜெய்சல்மேர் போகிறவர்களுக்கு: பஞ்சர் கடையில் டயரை விட்டுவிட்டு நகராதீர்கள்

ராஜஸ்தானில் பீகானேரிலிருந்து ஜெய்சல்மேர் போகும் தேசிய நெடுஞ்சாலை 11-இல் ஏறக்குறையப் பாதி வழியில் ஃபலோடி வரும். சீரகம், இசப்கோல், நிலக்கடலை விளைகிற பாலைவன ஊர். டீக்கும் டீசலுக்கும் பெரும்பாலான வண்டிகள் இங்கே நிற்கும். இந்தத் தடத்தில் ஒரு கடையில், ஒரே ஆணி குத்திய ட்யூப்லெஸ் டயருக்கு ஏழு பஞ்சர் என்று காசு வாங்கியிருக்கிறார்கள். மற்ற ஆறு ஓட்டையும் கடையிலேயே போட்டவை.

செய்கிற விதம் இதுதான். சக்கரத்தைக் கழற்றி, காற்றை ஏற்றி, சோப்புத் தண்ணீர்த் துணியால் டயரைத் துடைப்பார்கள். துணிக்கு அடியில் விரலிடுக்கில் ஒரு கூரான ஊசி இருக்கும். பட்டனின் (சாலையில் படும் டயரின் மேல்பகுதி) பள்ளத்தில் ஊசியை அழுத்தி எடுத்தால் உடனே நுரை கிளம்பும். "தேக்கோ சாப், ஏக் அவுர்" (பாருங்கள் சார், இன்னொன்று) என்று காட்டுவார்கள். அந்த நேரம் பார்த்து இன்னொருவர் உங்களை டீ குடிக்க அழைப்பார், அல்லது பின் சக்கரத்தைப் பார்க்கச் சொல்வார். கணக்கு ஸ்ட்ரிப்புக்கு (ஓட்டையில் திணித்து அடைக்கும் ரப்பர் திரி) இவ்வளவு என்பதால் ஓட்டை கூடக் கூட லாபம்.

ஒரே டயரில் பல பஞ்சர் நிஜமாகவே வரவும் செய்யும். சாலையோரம் முழுக்க நம் ஊர்ச் சீமைக்கருவேலம்தான். அதன் நிழலில் மண்ணில் இறக்கி நிறுத்தினால் நாலைந்து முள் ஏறலாம். ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகக் கூடாது. ஓட்டையைப் பார்த்தால் தெரியும். ஆணியோ முள்ளோ குத்திய இடத்தில் பொருள் உள்ளே இருக்கும். பிடுங்கப்பட்டிருந்தாலும் வாயைச் சுற்றி அழுக்கு படிந்திருக்கும். கடை ஊசியின் ஓட்டை சுத்தமாக, நேராக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. துணி கிளப்பிய வெறும் நுரை துடைத்தால் போய்விடும்; கசிவின் நுரை அதே இடத்தில் திரும்ப வளரும்.

கடைக்குள் விடுவதற்கு முன்பே சோதனையை நீங்களே செய்யுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் ஷாம்பூவும் போதும். காற்றை 35 பிஎஸ்ஐ வரை ஏற்றி, டயர் முழுக்க ஊற்றி, நுரை வரும் இடங்களையும் வால்வையும் சாக்பீஸால் வட்டமிட்டு மொபைலில் படம் எடுங்கள். ஒரு ஸ்ட்ரிப்புக்கு எவ்வளவு என்பதை முதலில் பேசுங்கள். புதிதாக ஓட்டை காட்டினால் "பெஹலே கீல் திகாவோ" (முதலில் ஆணியைக் காட்டு) என்று சொல்லிவிட்டு, காட்டும்வரை ஸ்ட்ரிப் குத்த விடாதீர்கள். தணிந்த குரலில் சொன்னாலே போதும். வழியில் நேர்மையான கடைகளும் நிறைய உண்டு, அவர்களுக்கு இந்தக் கேள்வி உறுத்தாது.

காசைவிட டயர் கெடுவதுதான் பெரிய இழப்பு. ஸ்ட்ரிப் போடும் முன் அரம் விட்டு ஓட்டையைப் பெரிதாக்குவார்கள். அப்போது உள்ளே இருக்கும் எஃகு இழைகள் அறுபடலாம். பக்கத்தில் பக்கத்தில் நாலு ஓட்டை என்றால் அந்த இடமே பலவீனமாகிவிடும். ஃபலோடியில் 2016 மே 19-இல் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. அப்படிப்பட்ட வெயிலில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்போது அந்த டயர் வெடித்தால் வண்டி கையில் நிற்காது. பக்கச்சுவரிலும் தோள்பகுதியிலும் (பட்டனும் பக்கச்சுவரும் சேரும் விளிம்பு) பஞ்சர் போடவே கூடாது. பட்டனின் நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட ஓட்டைக்கு மட்டுமே.

"காற்று அதிகம், இறக்குகிறேன்" என்பதற்கும் இணங்காதீர்கள். ஓடிவந்த சூட்டில் நாலைந்து பிஎஸ்ஐ கூடுவது இயல்பு. ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள அளவு குளிர்ந்த டயருக்கானது. சூட்டில் இறக்கினால் பிறகு குறைகாற்றில் ஓடி இன்னும் சூடாகும்.

டயர் போய்விட்டது, புதிது வாங்கு என்றால், பக்கச்சுவரில் 'டாட்' (DOT) எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. அத்தனை பழையதை வாங்காதீர்கள்.

கிளம்பும் முன் ஸ்டெப்னியில் காற்று பாருங்கள், 12 வோல்ட் காற்றடிப்பான் ஒன்று வாங்கி வையுங்கள். கசிவு மெதுவானால் ஆணியைப் பிடுங்காமல் காற்றடித்துக்கொண்டே ஊர் வரை போய்விடலாம். நடுவழியில் நின்றுவிட்டால் நெடுஞ்சாலை உதவி எண் 1033. காசை யுபிஐயில் கொடுத்துப் பற்றுச்சீட்டு கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்க அதுதான் ஆதாரம். ஸ்ட்ரிப் போட்ட டயரை ஜோத்பூரிலோ ஜெய்சல்மேரிலோ கழற்றி, உள்பக்கம் பார்த்து, பேட்ச் ஒட்டச் சொல்லுங்கள். அதுவரை 80-க்கு மேல் ஓட்ட வேண்டாம்.