பனை வைத்த வெங்கர், தென்னை வைத்த க்ளோப்

திருச்சியில் அப்பா கட்டிய வீட்டின் மொட்டை மாடியில், பில்லர் கம்பிகள் இருபது வருடமாக வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றன. மழையில் துருப்பிடிக்கக் கூடாது என்று கம்பிக்கு ஒன்றாகக் காலி தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருந்தார். போன வருடம் வீடு போதாமல் போனது. விற்றுவிட்டு ஊருக்கு வெளியே மனை வாங்கிப் புதுசாகக் கட்டலாம் என்றார் மச்சான். மேஸ்திரி வந்தார், பாட்டிலை எடுத்துக் கம்பியைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார், “அஸ்திவாரம் தாங்கும் சார், மேல எடுத்துக்கலாம்” என்றார். மாடியே எடுத்தோம்.

வங்கியில் உட்கார்ந்து தவணை அட்டவணையைப் புரட்டியபோது எனக்கு ஆர்சன் வெங்கரின் முகம்தான் ஞாபகம் வந்தது. ஆர்சனல் என்ற இங்கிலாந்துக் கால்பந்து கிளப் கடன் வாங்கிப் புது ஸ்டேடியம் கட்டியபோது அதன் மேனேஜராக, அதாவது தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். பக்கத்தில் இருந்த மனைவியிடம் சொல்லியிருந்தால் முறைத்திருப்பார். ஆனால் இருபது வருடமாக ஆர்சனல் பார்க்கிறவனுக்கு வீட்டுக் கடன் என்றால் வேறு யார் ஞாபகம் வருவார்கள்?

பெரிய ஸ்டேடியம் எதற்கு என்பதை விளக்க வேண்டியதில்லை. டிவி பணம் எல்லாருக்கும் பங்கு பிரியும், டிக்கெட் பணம் முழுக்க வீட்டுக்காரனுக்கு. ஒலிம்பிக் ஸ்டேடியத்தை 99 வருடக் குத்தகைக்கு எடுத்துப் போன வெஸ்ட் ஹாம் மாதிரி வாடகைக்குப் போகும் வழியும் உண்டு. ஆடுகளத்துக்கும் ரசிகனுக்கும் நடுவே ஒரு தெருவே ஓடலாம் போன்ற அந்த இடைவெளியைப் பார்த்தவர்கள் அதை ஒரு வழியாகவே சேர்க்க மாட்டார்கள். நானும் சேர்க்கவில்லை. மிச்சம் மூன்று: ஆர்சனல் செய்தது, டாட்டன்ஹாம் செய்தது, லிவர்பூல் செய்தது. முதல் இரண்டும் புது வீடு. மூன்றாவது மாடி எடுத்தது. நான் ஆர்சனல் ஆள்தான், இருந்தாலும் என் ஓட்டு லிவர்பூலுக்கு.

முதலில் செலவு. ஆர்சனலின் பழைய மைதானமான ஹைபரியில் சுமார் 38,000 பேர் உட்காரலாம். 2006-ல் திறந்த புது ஸ்டேடியமான எமிரேட்ஸில் 60,000-க்கு மேல். ஸ்டேடியத்துக்கு மட்டும் ஆன செலவு 39 கோடி பவுண்டு. கூடுதலாகக் கிடைத்த ஒவ்வொரு சீட்டுக்கும் வகுத்தால் ஏறத்தாழ 17,500 பவுண்டு வருகிறது. டாட்டன்ஹாம் 36,000-லிருந்து 62,850-க்குப் போனது, செலவு 100 கோடி பவுண்டு என்கிறார்கள். கூடுதல் சீட் ஒன்றுக்கு 37,000-க்கு மேல். லிவர்பூல் 2016-ல் தன் மைதானமான ஆன்ஃபீல்டில் மெயின் ஸ்டாண்டை உயர்த்தி 8,500 சீட் சேர்த்தது, சுமார் 11 கோடி. சீட்டுக்கு 13,000. அப்புறம் ஆன்ஃபீல்டு ரோடு பக்கம் இன்னொரு 7,000 சீட், சுமார் 8 கோடி. அது சீட்டுக்கு 11,500-ஐத் தாண்டாது. இது கொஞ்சம் முரட்டுக் கணக்கு. 2006-ன் பவுண்டும் 2019-ன் பவுண்டும் ஒன்றில்லை. டாட்டன்ஹாம் கட்டியது வெறும் கால்பந்து மைதானமும் இல்லை. புல்தரை மூன்று துண்டாகப் பிரிந்து தெற்கு ஸ்டாண்டுக்கு அடியில் போய்விடும், கீழே அமெரிக்கக் கால்பந்துக்கென்று தனித் தரை இருக்கிறது. பியான்சே 2023-ல் அங்கே ஐந்து இரவு பாடினார்.

சரி, சீட் கணக்கு இதோடு போகட்டும். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது வேறு ஒன்று: தவணை கட்டுகிற அந்த நாலைந்து வருடம் மேனேஜர் என்ன செய்வார்? ஸ்டேடியம் கட்டலாம் என்ற துணிச்சலே ஒரு நல்ல மேனேஜர் வந்து அணியை மேலே கொண்டுபோன பிறகுதான் கிளப்புக்கு வருகிறது. ஆனால் கட்ட ஆரம்பித்ததும் முதலில் கை வைப்பது அவருடைய சட்டைப் பையில். ஆட்டக்காரன் 28 வயதில் உச்சத்தில் இருப்பான், 31-ல் கால் கனக்கும். ஸ்டேடியம் 50 வருடம் நிற்கும், அணி மூன்று வருடத்தில் பழசாகிவிடும். கடன் கட்டி முடியும்வரை அணி அப்படியே காத்திருக்காது.

ஆர்சனலில் இதை நேரில் அனுபவித்தேன். 2003-04-ல் லீகில் ஒரு மேட்ச்கூடத் தோற்காத அணி. 2006 மே மாதம் பாரிஸில் ஐரோப்பாவின் பெரிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், பார்சிலோனாவிடம் 2-1 தோல்வி. அதே கோடையில் புது வீட்டுக்குக் குடிபோனோம். மேட்ச் நாள் வருமானம் ஒரே வருடத்தில் 4.4 கோடி பவுண்டிலிருந்து 9 கோடிக்குத் தாவியது. ஆனால் 2007-ல் நட்சத்திர ஆட்டக்காரர் ஆன்ரி போனார். 2011-ல் ஃபாப்ரிகாஸும் நஸ்ரியும். 2012-ல் வான் பெர்சியை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே விற்றோம். யுனைடெட் ரசிகரான என் மச்சான் அன்றைக்கு நள்ளிரவில் போன் செய்து எதுவும் பேசாமல் சிரித்துவிட்டு வைத்தார். 2005-க்குப் பிறகு அடுத்த கோப்பை 2014-ல்தான்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. ஸ்டேடியத்துக்குக் கடன் கொடுத்த வங்கிகள், வெங்கர் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டன. பிற்பாடு அவரே சொன்னது இது. கடனுக்கு அடமானம் கட்டடம் மட்டுமல்ல, அந்த மனிதரும்தான். அவர் இருந்தால் வருடா வருடம் சாம்பியன்ஸ் லீக் நிச்சயம், தவணை ஒழுங்காக வரும் என்பது வங்கியின் கணக்கு. அவரும் வாக்குத் தவறவில்லை. நட்சத்திரங்களை விற்றுக்கொண்டே, பதினெட்டு வயதுப் பையன்களை வைத்து, சாம்பியன்ஸ் லீகுக்குத் தேவையான நாலாவது இடத்துக்குள் வந்துகொண்டே இருந்தார். நாங்கள் அதையும் கேலி செய்தோம்.

கிளப் போட்ட திட்டத்திலும் பெரிய பிழை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கடன் நிலையாக இருந்தது, சந்தைதான் ஓடிவிட்டது. 2003-ல் அப்ரமோவிச் செல்சியை வாங்கினார், 2008-ல் அபுதாபிப் பணம் மான்செஸ்டர் சிட்டிக்கு வந்தது. ஸ்டேடியம் வந்தால் யுனைடெட்டுக்குச் சமமாகச் செலவழிக்கலாம் என்று போட்ட கணக்கில், ஸ்டேடியமே தேவைப்படாத இரண்டு பணக்காரர்கள் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

டாட்டன்ஹாமின் கதை இதைவிடச் சுருக்கம், இதைவிட வலி. போச்செட்டினோ 2014-ல் மேனேஜராக வந்தார். 2017 மே மாதம் பழைய ஒயிட் ஹார்ட் லேனில் கடைசி ஆட்டம். அதன்பிறகு ஏறத்தாழ இரண்டு சீசன் வெம்ப்ளியில் வாடகைக் குடித்தனம். புது ஸ்டேடியம் 2018 ஆகஸ்டுக்குள் தயாராகிவிடும் என்றார்கள், 2019 ஏப்ரல் 3 ஆனது. வீடு கட்டியவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் 2018 கோடையில் அவருக்காக ஒரே ஒரு ஆட்டக்காரரைக்கூட வாங்கவில்லை. 2003-ல் டிரான்ஸ்பர் காலக்கெடு முறை வந்த பிறகு எந்தப் பிரீமியர் லீக் கிளப்பும் ஒரு கோடையை அப்படிக் கழித்ததில்லை. ஜனவரியிலும் யாரையும் வாங்கவில்லை, மாறாக நடுக்கள ஆட்டக்காரர் டெம்பெலேயைச் சீனாவுக்கு விற்றார்கள்.

அந்த அணியைத்தான் அவர் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம்வரை இழுத்துப் போனார். ஆம்ஸ்டர்டாம் அரையிறுதியை நம்மூர் நேரம் நள்ளிரவு 12:30-லிருந்து பார்த்தேன். கடைசி நிமிடத்தில் லூகாஸ் மோராவின் மூன்றாவது கோல் போனதும், புல்தரையில் மண்டியிட்டு அழுதார் போச்செட்டினோ. ஆர்சனல்காரனான நானே சத்தம் போட்டுவிட்டேன், மகன் எழுந்துவிட்டான். அந்த நாட்களில்தான் போச்செட்டினோ, அழகான வீடு கட்டியாகிவிட்டது, அதற்குத் தகுந்த மேசை நாற்காலி வேண்டாமா என்ற பொருளில் பேசினார். அந்தக் கோடையில் கொஞ்சம் வாங்கித் தந்தார்கள். அதற்குள் அணி களைத்திருந்தது. நவம்பர் 19-ம் தேதி, லீகில் 14-வது இடத்தில் இருந்தபோது அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். புது வீட்டில் அவர் குடியிருந்தது எட்டு மாதம்கூட இல்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2018-19-ல் டாட்டன்ஹாம் வருமானத்தில் 39 சதவீதத்தைத்தான் சம்பளத்துக்குக் கொடுத்தது, லிவர்பூல் அதே வருடம் 58 சதவீதம். அதற்கு முந்தைய வருடம் டாட்டன்ஹாம் காட்டிய லாபம் 11.3 கோடி பவுண்டு. ஆக, கையில் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்டேடியம்தான் கையைக் கட்டியதா, இல்லை அந்த நிர்வாகத்தின் கைச்சிக்கனமா? வெளியிலிருந்து கணக்கறிக்கையைப் பார்த்து இதைப் பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. இரண்டும் கலந்தது என்பது என் ஊகம். கடன் இருக்கும்போது கஞ்சத்தனத்துக்கு ஒரு மரியாதையான பெயர் கிடைத்துவிடுகிறது.

இப்போது லிவர்பூல். அவர்களும் முதலில் புது வீட்டு ஆசையில்தான் இருந்தார்கள். 2007-ல் கிளப்பை வாங்கிய ஹிக்ஸ், கில்லெட் என்ற அமெரிக்கர்கள், 60 நாளில் ஸ்டான்லி பூங்காவில் மண்வெட்டி விழும் என்றார்கள். ஒரு பிடி மண்கூடப் பெயரவில்லை, கிளப்தான் கடனில் மூழ்கப் பார்த்தது. 2010-ல் 30 கோடி பவுண்டுக்கு வாங்கிய அடுத்த உரிமையாளர்கள் இரண்டு வருடம் யோசித்துவிட்டு, ஆன்ஃபீல்டை விட்டுப் போகவில்லை, இருக்கிறதையே உயர்த்துகிறோம் என்றார்கள். அப்போது பலருக்கு ஏமாற்றம், எனக்கு உள்ளூர ஒரு இளக்காரம். எங்களிடம் எமிரேட்ஸ் இருந்ததே!

க்ளோப் 2015 அக்டோபரில் மேனேஜராக வந்தபோது மெயின் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிரேன் நின்றுகொண்டிருந்தது. பழைய ஸ்டாண்டில் ரசிகர்கள் உட்கார்ந்து பார்க்க, அதன் முதுகுக்குப் பின்னால் புது இரும்புச் சட்டம் எழும்பியது. கீழே அடுப்பு எரிந்துகொண்டிருக்க மேலே நாங்கள் சென்ட்ரிங் அடித்த மாதிரிதான். 2016-17 சீசனின் முதல் மூன்று லீக் ஆட்டங்களை வெளியூரில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் சிரமம். சொந்த ஊர் மேட்ச் ஒன்றைக்கூட வாடகை மைதானத்தில் ஆடவில்லை. கட்டடச் செலவை உரிமையாளரே குறைந்த வட்டிக்குக் கடனாகக் கொடுத்தார். மேனேஜர் ஐந்து வருடம் இருந்தாக வேண்டும் என்று எந்த வங்கியும் கேட்கத் தேவை வரவில்லை.

அதனால் என்ன ஆனது பாருங்கள். 2018 ஜனவரியில் தடுப்பாட்டக்காரர் வான் டைக், 7.5 கோடி பவுண்டு. மே மாதம் கீவ் நகரில் ரியல் மாட்ரிட்டிடம் இறுதியாட்டத்தைத் தோற்றார்கள், கோல் கீப்பர் சொதப்பினார். அந்தக் கோடையிலேயே புது கோல் கீப்பர் அலிசன் வந்தார். கூடவே ஃபாபின்யோ, கெய்ட்டா, ஷகிரி. டாட்டன்ஹாம் யாரையும் வாங்காத அதே கோடை! பத்து மாதம் கழித்து 2019 ஜூன் 1, மாட்ரிட்டில் இந்த இரண்டு கிளப்பும்தான் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் நேருக்கு நேர் நின்றன. லிவர்பூல் 2-0. கடைசியில் பந்துகளைத் தடுத்துக்கொண்டே இருந்தவர் அலிசன். அடுத்த வருடம், முப்பது வருடம் காத்திருந்த லீக் பட்டமும் வந்தது.

“பனை வச்சவன் பார்த்துச் சாவான், தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான்” என்று அப்பத்தா சொல்லும். வெங்கரும் போச்செட்டினோவும் வைத்தது பனை. வெங்கர் 2018-ல் போனார், 2020-ல் பழைய ஸ்டேடியக் கடன் பத்திரங்களை உரிமையாளர் அடைத்தார், 2023-ல் டெக்லன் ரைஸுக்கு 10 கோடி பவுண்டு கொடுக்க முடிந்தது பின்னால் வந்த மேனேஜர் ஆர்டெட்டாவின் அதிர்ஷ்டம். க்ளோப் தன் கையால் தண்ணீர் ஊற்றி, தானே இளநீரும் குடித்தார். ஒப்பந்தத்தை 2016, 2019, 2022 என்று மூன்று முறை நீட்டித்தார். 2024-ல் போனபோதும், தெம்பு தீர்ந்துவிட்டது என்றுதான் சொன்னாரே தவிர, ஆள் வாங்கித் தரவில்லை என்று சொல்லவில்லை.

லிவர்பூல் வழியில் ஓட்டையே இல்லையா? இருக்கிறது. ஆட்டக்காரர் கூட்டின்யோவைப் பார்சிலோனாவுக்கு விற்றதில் 14 கோடி பவுண்டு அளவுக்கு வந்தது. அந்த லாட்டரி விழாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு மாதிரி எழுதியிருக்கலாம். ஆன்ஃபீல்டு ரோடு வேலை நடக்கும்போது 2023-ல் ஒப்பந்த நிறுவனமே நொடித்துப்போய், பல மாதம் மேல் அடுக்கு காலியாகக் கிடந்தது. அதற்கும் முன்னால், விரிவாக்கத்துக்கு வேண்டும் என்று பக்கத்துத் தெரு வீடுகளை வாங்கி வருடக்கணக்கில் பலகை அடித்துப் பூட்டிப்போட்டதில் அந்த வட்டாரமே சீரழிந்தது என்று அங்கே குடியிருந்தவர்களுக்கு இன்னும் கோபம் உண்டு. எல்லாருக்கும் இந்த வழி திறந்தும் இல்லை. ஹைபரியின் கிழக்கு ஸ்டாண்ட் பாதுகாக்கப்பட்ட கட்டடம், சுற்றிலும் வீடுகள். எங்கள் பில்லரில் கம்பி இருந்தது, அவர்களுடையதில் இல்லை.

நீண்ட நாள் போக்கில் டாட்டன்ஹாமே ஜெயிக்கலாம், அதையும் மறுக்கவில்லை. 2019-ல் பெரும்பகுதிக் கடனை நீண்ட காலப் பத்திரங்களாக மாற்றிவிட்டார்கள், சராசரி 23 வருடம், வட்டியும் குறைவு. மேட்ச் நாள் வருமானம் 10 கோடி பவுண்டைத் தாண்டியிருக்கிறது. ஆனால் லிவர்பூலும் மாடி எடுத்தே 2023-24-ல் அந்த 10 கோடியைத் தொட்டுவிட்டது. டாட்டன்ஹாம் போச்செட்டினோவுக்குப் பிறகு மொரீனியோ, நுனோ, கான்டே என்று மாற்றிக்கொண்டே போனது. 2025-ல் யூரோப்பா லீக் கோப்பை வாங்கித் தந்த போஸ்டெகோக்லுவை 16 நாள் கழித்து அனுப்பியது.

லிவர்பூல் நகரின் இன்னொரு கிளப்பான எவர்ட்டனைப் பற்றி ஒரு வரி. ஆற்றங்கரையில் அழகான ஸ்டேடியம் கட்டி 2025-ல் குடிபோய்விட்டார்கள். நடுவில் 2023-24-ல் நிதி விதி மீறலுக்காக மொத்தம் எட்டுப் புள்ளி பறிபோனது. அதில் ஒரு வழக்கில் ஸ்டேடியக் கடனின் வட்டியை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதே ஒரு சண்டை. அங்கே மேனேஜராக இருந்த அன்செலோட்டி, 2021-ல் அஸ்திவாரம் தோண்டும் முன்பே ரியல் மாட்ரிட் கூப்பிட்டதும் பெட்டியைக் கட்டிவிட்டார். அவரை யார் குறை சொல்வது?

இப்போது முறை மச்சானுடையது. தன் மைதானமான ஓல்டு டிராஃபோர்டைச் சரிசெய்வதா, புதுசு கட்டுவதா என்று யோசித்த மான்செஸ்டர் யுனைடெட், 2025 மார்ச்சில் ஒரு லட்சம் பேருக்குப் புது ஸ்டேடியம் என்று அறிவித்தது. மதிப்பீடு 200 கோடி பவுண்டு. மூன்று பெரிய கம்பம் நட்டுக் குடை விரித்த மாதிரி ஒரு வரைபடம். மச்சான் அதை வாட்ஸப்பில் அனுப்பி, “எப்படி?” என்று கேட்டார். ரொம்ப நன்றாக இருக்கிறது, கட்டுகிற வரைக்கும் எந்த மேனேஜர் பட்டினி கிடப்பார் என்று பதில் போட்டேன். இரண்டு நீல டிக் வந்தது. மறுநாள் எங்கள் மாடிக்கு ஓடு எங்கே வாங்கினோம் என்று விசாரித்தார்.